கட்டத்துக்கு வெளியே ஒரு கையொப்பம்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மலை இடுக்கில் கொசுக்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் என்னை நம்பியே குடும்பம் நடத்துகின்றன. நீயும் கடுகும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கைபேசி வேலை செய்யாது. வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் லாரிதான் எங்களுக்குத் தபால்காரர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய்களைப் பற்றவைக்கிறார்கள். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, சரி என்று எழுதுவது என் வேலை. நான் வருவதைப் பார்த்தாலே, "சந்தேகம் வருது, சந்தேகம் வருது"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். பட்டப்பெயர் அப்படி. சொல்லிவிட்டுப் போகட்டும். மேலே வழவழப்பாக இருக்கும் இணைப்பைத்தான் நான் முதலில் தட்டுவேன்.

கிளம்பும்போது சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கடுகின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திராது. கடுகு ஐந்தாம் வகுப்பை ஒழுங்காகப் படித்தால் உன்னோடு இருக்கட்டும். படிப்பு சறுக்கினால் ஜனவரியில் விடுதிப் பள்ளி. நீ செல்லம் கொடுப்பதில் கைதேர்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். அதில் வளர்ந்தவன்தானே நான். அதனால் அவள் செய்த வீட்டுப்பாடத் தாள்களை உன் கையொப்பத்தோடு ஒவ்வொரு கடிதத்திலும் வைத்து அனுப்பு. நானே பார்க்கிறேன்.

கடுகின் நெற்றியில் அப்பாவின் முத்தம் ஒன்று.

உன் தம்பி

*

ஜூலை 19

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அது பாட்டுக்கு முனகுகிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். உன் கொசுக்களை விசாரித்ததாகச் சொல்.

சலவைக் கடையில் கிழிசல் சேர்க்கும் வேலையை விட்டு, பட்டன் தைக்கும் வேலைக்கு மாறிக்கொண்டேன். பட்டன் என்றால் கையே பார்த்துக்கொள்ளும். முதலாளியம்மாவும் சரி என்றுவிட்டார்.

பள்ளியில் ஒரு கலகம். காலை இடைவேளை அரைமணியைக் கால்மணியாக்கி, மிச்சத்தைப் பாடத்துக்குக் கொடுக்கலாமா, வீட்டுப்பாடத்தைக் கூட்டலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி வாசலில் இரண்டு கட்சி. ரொட்டிக்கடைக்காரர், "வெளையாடி என்னத்தக் கிழிக்கப் போகுதுங்க? எம் பொண்ணு இடைவேளைக்குப் போனா ஒத்தச் செருப்போடதான் திரும்பி வருது" என்கிறார். பல் டாக்டரம்மா விடுவாரா? "ஆறு மணி நேரம் உட்கார வெச்சா புள்ளைங்க படிக்காதுங்க, பல்லத்தான் கடிக்கும். எனக்கென்ன, வியாபாரம்தான்" என்கிறார். படிவத்தில் அப்பாவின் கருத்துக்குத் தனியாகக் கட்டம் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

வீட்டுப்பாடத் தாள் எட்டு வைத்திருக்கிறேன். கடுகு சமர்த்து.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு நிற்காதே.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன், இப்போதைக்கு.

முதலில் ஒரு சின்ன விஷயம். உன் கடிதத்தில் 'கடுகு சமர்த்து' என்பதற்கு அடுத்த வரியை நாலு கோடு போட்டு அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'ஆனால் நகத்தைக் கடித்து' என்பது வரை தெரிகிறது. நகம் கடித்தால் கடித்தாள் என்று எழுத வேண்டியதுதானே? நகத்தையே மறைப்பவள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாயோ?

இடைவேளை பற்றி என் கருத்து: கால்மணி தாராளம். வீட்டுப்பாடம் இப்போது கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கலாம். நான் இடைவேளை முழுக்கப் பந்தடித்தேன், மணி அடித்த பிறகும் அடித்தேன். அதன் பலன், நாற்பது வயதில் மலையில் குழாயைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரர் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள். இதைப் படிவத்தில் அப்படியே எழுது.

தாள்களைப் பார்த்தேன். கணக்கு எல்லாம் சரி. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ரப்பர் தேய்த்த தடம்கூட இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் தாள் இப்படியா இருக்கும்? மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. கடுகு எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன் கடிதத்தின் அடியிலேயே அவள் கையால் இரண்டு வரி எழுதச் சொல். போதும்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே சுகம். அங்கே மழை பிடித்துவிட்டதா? கம்பளிப் போர்வையை நீ மறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். லாரிக்காரர் கேட்டால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தைக் கேட்டதும் எனக்கு ஒரே ஆச்சரியம். நீயா இடைவேளையை முக்கால்மணி ஆக்கச் சொல்கிறாய்! என் காதையே நம்ப முடியவில்லை. மலைக்காற்று உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. நானும் அதே கட்சிதான் என்பதால் இரண்டு கட்டத்திலும் 'முக்கால்மணி' என்று போட்டுக் கொடுத்தாயிற்று.

பெற்றோர் கூட்டத்துக்குக் கடுகையும் கூட்டிக்கொண்டு போனேன். கால்மணி வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினாராம். பல் டாக்டரம்மா எழுந்து, "ஏங்க, உங்க கடையில வேலை பாக்கறவங்களுக்கு டீ குடிக்க எவ்வளவு நேரம் விடறீங்க?" என்று கேட்டார். அரைமணி என்று சொல்லிவிட்டு மனுஷர் உட்கார்ந்துவிட்டார். உனக்குக்கூட வேலைக்கு நடுவே அரைமணி விடுவார்கள்தானே?

கடுகைத் தனியாக எழுதச் சொன்னேன். "அப்பாவுக்கு எவ்வளவுதான் எழுதறது?" என்கிறாள். நீ பெற்றதுக்கு வாய் கொஞ்சமா?

தாள் பத்து இருக்கிறது. நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா

*

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

நலம்.

முக்கால்மணியா? யார் சொன்னது? 'கால்மணி தாராளம்' என்று நான் எழுதியதை என் கண்ணால் பார்த்துத்தான் உறையில் போட்டேன். உனக்கு வேண்டியதை நீ போட்டுவிட்டு என் தலையில் கட்டுகிறாய். நகத்தைப் பற்றிக் கேட்டதற்கும் மூச்சு இல்லை. இரண்டு வரி எழுதச் சொன்னால், 'எவ்வளவுதான் எழுதறது' என்று கதை. ஒரு வரி எழுதாத பிள்ளை எவ்வளவு எழுதிவிட்டதாம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், எனக்கும் டீக்கு அரைமணி விடுகிறார்கள். அந்த அரைமணியில் உன் இரண்டு கடிதத்தையும் கடுகின் பதினெட்டுத் தாளையும் பரிசோதனை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கியால் பார்த்தேன். இரண்டிலும் 'ழ'வின் வால் ஒரே மாதிரி சுருண்டு மேலே ஏறுகிறது. 'ண'வில் ஒரே மாதிரி மூன்று சுழி. ஒரே அழுத்தம். அக்கா, இது ஒரே கை. வீட்டுப்பாடம் முழுவதையும் நீதான் எழுதுகிறாய்.

அதோடு, ஒவ்வொரு தாளின் அடியிலும் உன் கையொப்பம். கடிதத்தில் முத்துமுத்தாக எழுதுகிற கை, கையொப்பத்தில் மட்டும் கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடுகிறது. ஒன்றில் தாளின் ஓரத்துக்கே போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நீ செய்வது பாசம் இல்லை. ஒரு மக்குப் பிள்ளையை மக்காகவே வைத்து, அதற்குப் பொய் சொல்லவும் கற்றுக்கொடுக்கிறாய். அவளை நான் நம்புவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. விடுதிப் பள்ளியின் விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் கையொப்பமிட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. ஜனவரியில் அவள் அங்கே போவாள். இதில் பேச ஒன்றும் இல்லை.

தம்பி

*

அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதம் போன வாரம்தான் வந்ததாம். அதனால்தான் பதில் தாமதம்.

என்மேல் இப்படிப் பழி போடுவாய் என்று நினைக்கவில்லை. கடுகின் வீட்டுப்பாடத்தில் நான் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. என் கண்ணாணை. கையெழுத்து ஒன்றாக இருக்கிறது என்றால் இருக்காதா பின்னே? அவளுக்கு நாலு வயதில் நான் எழுதிவைத்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டவிட்டுத்தான் பழக்கினேன். நூலைப்போல சேலை. இதுகூடத் தெரியாமல் உருப்பெருக்கி எதற்கு?

வேறொரு கவலை. கடுகு இரண்டு மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. திடீரென்று வந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "பல்லுல ஒண்ணும் இல்ல. மனசுல என்னமோ இருக்கு, கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை" என்கிறாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

குளிர் வருகிறது. காதை மூடிக்கொள்.

உன் அக்கா

*

அக்டோபர் 14

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வகுப்புப் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஐந்தாம் வகுப்பில் தங்களிடம் படிக்கும், வீட்டில் கடுகு என்று அழைக்கப்படும் பெண்ணின் அப்பா நான். வேலை நிமித்தமாக வெகுதூரத்தில் இருக்கிறேன். என் அக்காதான் அவளை வளர்க்கிறார்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் மகளின் வீட்டுப்பாடத்தை என் அக்கா எழுதிக் கொடுக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். சென்ற மாதம் விடுதிப் பள்ளியின் விண்ணப்பம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. ஆனால் விண்ணப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை, கோபம்கூட இல்லை. இடைவேளைப் படிவத்தில் நான் சொல்லாததை எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்டதில் பாதிக்குப் பதில் வருகிறது, பாதி எங்கோ விழுங்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தையும் என்னையும் சேர்த்து ஏமாற்றுகிறார்களோ என்று நினைக்கிறேன்.

என் அக்காவின் கடிதத்திலிருந்து ஒரு பக்கமும், மகளின் வீட்டுப்பாடத் தாள் ஒன்றும் இதோடு இருக்கின்றன. தாங்கள் தினமும் பிள்ளைகளின் எழுத்தைப் பார்ப்பவர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். இடைவேளையில் அவள் என்ன செய்கிறாள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நான் எழுதியது என் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவியின் அப்பா

*

நவம்பர் 1

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். தேர்வுத் தாள்கள் குவிந்திருந்ததால் உடனே எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கைதான். அதில் உங்கள் சந்தேகம் சரி. ஆனால் அது உங்கள் அக்காவின் கை இல்லை. இரண்டையும் எழுதியது உங்கள் மகள்.

வீட்டுப்பாடத்தை அவள் வீட்டில் செய்வதே இல்லை. காலையில் வந்ததும் என்னிடம், "இன்னிக்கு வீட்டுப்பாடம் என்ன டீச்சர்?" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடிய பிறகு, ஜன்னல் ஓர பெஞ்சில் உட்கார்ந்து, என் கண் முன்னால் எழுதி முடிப்பாள். ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான். நானும் பலமுறை விரட்டிப் பார்த்துவிட்டேன். "வெளையாடப் போகலியாம்மா?" என்றால், "வீட்டுக்குப் போனா எனக்கு நெறைய வேலை டீச்சர். ஊசிக்கெல்லாம் நூல் கோத்து வெக்கணும். அடுப்பப் பாத்துக்கணும். அப்பா லெட்டர் வந்தா வாசிக்கணும், அத்தை சொல்லச் சொல்ல எழுதணும்" என்றாள்.

உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உங்கள் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு அவர் உங்கள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். படிவத்தைப் பூர்த்தி செய்ததும் அவள்தான். கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவள் விரலை வைத்தாள். அவர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் கையொப்பமிட்டார்.

போன வாரம் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். "கண்ணுல கட்டுப் போட்டுப் படுத்துட்டா புள்ளைய யாரு பாத்துக்குவா டீச்சர்? தம்பிக்குத் தெரிஞ்சா அவளக் கொண்டுபோய் விடுதியில விட்டுடுவான். அவன் வர்ற வரைக்கும் எப்படியாவது ஓட்டிடறேன்" என்றார். நீங்கள் அனுப்பியதாகச் சொன்ன விண்ணப்பம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே புரிந்தது; நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவது யார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
வகுப்பாசிரியை

*

நவம்பர் 10

என் கடுகுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை. நீ சாப்பிட்டாயா?

டீச்சர் எனக்கு எழுதியிருந்தார்கள். நான்தான் கேட்டு எழுதினேன், அவர்கள்மேல் கோபப்படாதே. இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டு. எதையும் மாற்றாமல், ஒரு வரியையும் தாண்டாமல் வாசி. கடினமாக இருந்தால் நடுவில் தண்ணீர் குடித்துக்கொள்.

அக்கா, இனி உனக்கு. உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது. 'உன் கடிதத்தைக் கேட்டதும்' என்று நீ சொன்னாய், 'வந்ததாம்' என்று சொன்னாய், அப்படியே எழுத்தில் வந்தது. பட்டனுக்குக் கையே போதும் என்றாய். எல்லாவற்றையும் படித்தேன். பதினெட்டுத் தாளை உருப்பெருக்கியில் பார்த்த முட்டாளுக்கு இது ஒன்றும் கண்ணில் படவில்லை. உனக்காவது புரை. எனக்கு என்ன கேடு? நீ கட்டத்துக்கு வெளியே கையொப்பம் போட்டதைக் குற்றம் என்று எழுதினேனே, அதை எழுதிய என் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் நான் எழுதியதில் பாதிதான் உன் காதுக்கு வந்தது. மீதியை இப்போது நானே சொல்கிறேன். விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பி, அதில் உன்னைக் கையொப்பமிடச் சொல்லியிருந்தேன். கடுகை மக்கு என்றும் எழுதினேன். இடைவேளையைக் கால்மணியாக்கு என்றுதான் சொன்னேன். அது முக்கால்மணி ஆனது எப்படி என்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கேள். ஆனால் திட்டாதே. அவளுக்கு வீட்டுப்பாடம் எழுத இருந்தது அந்த அரைமணி ஒன்றுதான். அதையும் வெட்டச் சொன்னவன் நான்.

மேலாளரிடம் பேசிவிட்டேன். இருபத்தைந்து நாள் விடுப்பு. டிசம்பர் முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன். கண் மருத்துவரிடம் நாள் கேட்டு வை. உன் கட்டை அவிழ்க்கும்வரை நான்தான் அடுப்பு, நான்தான் ஊசி நூல். சமையல் எப்படி இருக்கும் என்று இப்போதே பயப்பட்டுக்கொள். அந்த விண்ணப்பம் எங்கே இருந்தாலும் எடுத்துக் கிழித்துப் போடு. கடுகு உன்னோடுதான் இருப்பாள்.

கடுகு, செப்டம்பர் மாதக் கடிதத்தைப் பத்து வயதில் தனியாகப் படித்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் நீ பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாய். நான்கு மாதமாக உன் எழுத்தைத்தான் படித்தேன், உன்னைத் தெரியாமல் போய்விட்டது. அப்பாவை மன்னித்துவிடு, கண்ணு.

உன் அப்பா

*

நவம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கடுகு எழுதுவது. இது அத்தை சொல்லி எழுதுவது இல்லை. நானே எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் உங்கள் கொசுக்களும் நலமா?

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். விண்ணப்பம் என்று வந்ததும் அத்தை, "எங்க அது? எடுத்துட்டு வா" என்றார்கள். கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பயத்தில் அதோடு இருந்த கணக்குத் தாளையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டேன். அத்தை கணக்குத் தாளை வாங்கி நாலாகக் கிழித்துவிட்டார்கள். "அத்தை, அது இல்ல" என்று சரியான தாளை எடுத்துக் கொடுத்தேன். அதை எட்டாகக் கிழித்தார்கள். அப்புறம் அழுதார்கள். அப்புறம், "ஏண்டி, முக்கால்மணின்னு அவன் எழுதவே இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் செய்தது தப்புதான். ஆனால் கால்மணியில் கணக்கு மட்டும்தான் முடியும்.

விண்ணப்பம் வந்த கடிதத்தை இரண்டு வாரம் ஒளித்து வைத்தேன். நகம் கடிக்கிறேன் என்று அத்தை சொல்லி எழுதியதை அடித்ததும் நான்தான். இப்போதும் கொஞ்சம் கடிக்கிறேன். இந்த வரியை அடிக்கவில்லை.

பள்ளியில் இடைவேளை அரைமணியாகவே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. ரொட்டிக்கடை மாமாவும் அதற்கே கை தூக்கிவிட்டார். வீட்டுப்பாடம் இரண்டு பக்கத்துக்குமேல் கிடையாது. டீச்சர் இப்போது இடைவேளையில் வகுப்பைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாமல் நேற்று வெளியே போனேன். ரொட்டிக்கடை மாமாவின் பொண்ணோடு சேர்ந்து ஓடினேன். ஒரு செருப்பைக் காணவில்லை. நீங்கள் வரும்போது வாங்கித் தர வேண்டும்.

கண் மருத்துவர் டிசம்பர் ஒன்பதாம் தேதி என்று சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் பயம். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

கீழே அத்தை கையொப்பம் போடுவார்கள். கட்டம் போடவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

உங்கள் மகள்
கடுகு

பின்குறிப்பு: அத்தை கையொப்பம் போட்டு எழுந்து போன பிறகு இதை எழுதுகிறேன். ஒரு வரியையும் தாண்டாதே என்று சொல்லியிருந்தீர்கள். 'மன்னித்துவிடு, கண்ணு' என்ற கடைசி வரியை மட்டும் நான் சத்தமாக வாசிக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று அத்தை கேட்டார்கள். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு வந்தது.